பழைய கமரா வாங்கும்போது

சாமத்தியவீடொன்றில் பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கும் நேரம் பார்த்து என் கமராவின் ஷட்டர் நின்றுபோனது. சங்கிலியை அடைவு வைத்து, பாவித்த கமராவாக வாங்கி மூன்று மாதந்தான். முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து வீடு வந்தேன்.

வெளியே கீறல் இல்லை என்று நம்பி வாங்கியதே என் பிழை. கமராவின் ஆயுள் ஷட்டர் எத்தனை தடவை இயங்கியது என்பதில் இருக்கிறது. 2008இல் வெளிவந்த நிக்கோன் டி700, கெனன் 5டி மார்க் 2 ஆகியவற்றின் ஷட்டர்கள் 150,000 தடவைகளுக்குப் பரிசோதிக்கப்பட்டவை. நிக்கோனில் ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பைக் கணினியில் ஆராய்ந்தால் இயங்கிய எண்ணிக்கை தெரியும். கெனனுக்குப் பெரும்பாலும் தனி மென்பொருள் தேவை.

அடுத்தது லென்ஸ். டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்திவலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சணம். மாரிகால ஈரத்தில் அது மேலும் பரவும், வாங்காதீர்கள்.

கையிலுள்ள காசு முழுவதையும் கமராவுக்கே கொடுத்துவிடவும் வேண்டாம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் விலை குறைந்தது. மங்கலான மண்டபத்திலும் கைகொடுக்கும். இன்னொரு பற்றரிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

பிறகு சீட்டுக்காசில், கீறல் விழுந்த ஒரு டி700 வாங்கினேன். நான் ஒவ்வொன்றாகச் சோதித்தபோது விற்றவர் முகஞ்சுளித்தார். நான் அவசரப்படவில்லை. அடைவிலிருந்த சங்கிலியை அந்தக் கமராதான் மீட்டுத் தந்தது.

சகோதரிகளே, எங்கள் காசு கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு. கேட்டுப் பார்த்து வாங்குவதில் வெட்கம் எதற்கு?