அழிக்க மறந்த ஐம்பது ஓட்டு

தேர்தல் நாளின் முதல் ஓட்டு காலை 7 மணிக்கு விழுவதில்லை. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே, பூத் ஏஜென்ட்டுகளின் கண்ணெதிரில், குறைந்தது 50 ஓட்டு விழுந்துவிடுகிறது. மாதிரி வாக்குப்பதிவு, அதாவது ஒத்திகை. முடிந்ததும் ‘க்ளோஸ்’, ‘ரிசல்ட்’, ‘க்ளியர்’ என்று மூன்று பொத்தான்களை வரிசையாக அழுத்த வேண்டும். விவிபாட் பெட்டியில் விழுந்த சீட்டுகளை எடுத்துக் கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் இதை ‘சி.ஆர்.சி.’ என்று மந்திரம்போலச் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஆனால் பூத்தில் இருப்பவர், பெரும்பாலும், முந்தாநாள்வரை கரும்பலகை முன் நின்ற ஆசிரியர். ராத்திரி பெஞ்சில் அரைத் தூக்கம். வாசலில் வரிசை நீள்கிறது. மூன்றாவது பொத்தான் விட்டுப்போகிறது.

2019 ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் சில சாவடிகளில் இப்படித்தான் நடந்தது. ஒத்திகை ஓட்டோடு அசல் ஓட்டும் சேர்ந்துகொண்டது. மே 19 அன்று 13 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்ததற்குப் பல காரணங்கள். இந்த மறதியும் அவற்றில் ஒன்று.

காஞ்சிபுரத்துத் தறியில் புதிதாக உட்கார்ந்தவர் ஊடையைத் தப்பாக விட்டால், பிரித்து மறுபடி நெய்துவிடலாம். கொஞ்சம் பட்டு வீண், அவ்வளவுதான். ஓட்டை அப்படிப் பிரிக்க வழியில்லை. எது யாருடையது என்று தெரியக் கூடாது என்பதற்காகவே செய்த இயந்திரம் அது. ஆகவே இப்படி ஓட்டு கலந்துபோன இயந்திரத்தை எண்ணிக்கை நாளில் ஓரமாக வைக்கிறார்கள். வெற்றி வித்தியாசம் அதிலுள்ள ஓட்டுகளைவிட அதிகமென்றால் எண்ணாமலே முடிவை அறிவிப்பார்கள். குறைவென்றால் விவிபாட் சீட்டுகளை எண்ணுவார்கள். வெயிலில் நின்று ஓட்டுப் போட்டவருக்கு இது நியாயமாகப் படுமா என்பது சந்தேகம்தான்.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஓட்டு விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. குடத்திலிருந்து ஓலையை எடுப்பது விவரமறியாத ஒரு சிறுவன். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய, உள்ளங்கையில் அதை வாங்கிப் படிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்கள்) எல்லோரும் படிக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் அடுத்தவர் கண்ணில் படும்.

இன்றைக்கு அந்த உள்ளங்கையின் இடத்தில் ‘டோட்டல்’ பொத்தான் இருக்கிறது. 7 மணிக்கு முன்பு அழுத்தினால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டச் சொல்லிக் கேட்க ஏஜென்ட்டுக்கு உரிமை உண்டு.