டீச்சர் கையில் போன் எதற்கு?



"வகுப்பு நேரத்தில் டீச்சர் போனும் கையுமாக இருக்கிறார்" என்ற பேச்சைப் பள்ளிக்கூட வாசலில் அடிக்கடி கேட்கிறோம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் எதற்காகப் பார்க்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் மனு எழுதிப் போட்டால், நல்ல டீச்சரும் 'நமக்கெதற்கு வம்பு' என்று போனைப் பைக்குள் போட்டுவிடுவார். நஷ்டம் யாருக்கு?

நான் பத்தாவது வரை படித்தவள். என் மகள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப்பேர் பெண்கள். போன வருஷம் எங்கள் கூட்டத்துக்கு ஒரு புகார் வந்தது. கணக்கு டீச்சர் பாடம் முடிந்ததும் போனை உயர்த்திப் பிடித்து வகுப்பு முழுக்க ஒரு சுற்று காட்டுகிறாராம். "பொம்பளைப் பிள்ளைங்களை வீடியோ எடுக்கிறாங்க" என்று ஊருக்குள் பேச்சாகிவிட்டது. சிலர் மேலிடத்துக்கே மனு எழுதத் தயாராகிவிட்டார்கள்.

டீச்சர் கோபப்படவில்லை. ஒரு கட்டு அட்டைகளை எடுத்துவந்து எங்கள் கையில் ஆளுக்கொன்று கொடுத்தார். அட்டையின் நடுவில் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு கோலம். ஒவ்வொரு அட்டையிலும் வேறு வேறு மாதிரி. நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதினார்: 3/4, 5/8 இரண்டில் எது பெரியது? 3/4 என்றால் ஏ, 5/8 என்றால் பி, இரண்டும் சமம் என்றால் சி, தெரியாது என்றால் டி. எந்த விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் தூக்கச் சொன்னார். போனை ஒரு சுற்று காட்டினார். அவ்வளவுதான், இத்தனை பேர் சரி, இத்தனை பேர் தப்பு என்று போனில் வந்துவிட்டது! அம்மாக்களில் பாதிக்குப் பாதி தப்பு. யார் யார் என்று டீச்சர் சொல்லவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

இதன் பெயர் பிளிக்கர்ஸ். போனில் போட்டுக்கொள்ளும் ஒரு செயலி. இதில் எனக்குப் பிடித்தது, பிள்ளைகளிடம் போன் இருக்கவே வேண்டாம் என்பதுதான். டீச்சரிடம் ஒன்று இருந்தால் போதும். அட்டையை அவர்கள் இணையதளத்திலிருந்து இலவசமாக எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற வேலையும் நடக்காது. ஒருவர் கோலம் மற்றவருக்கு இல்லை, எழுத்தும் பொடியாக இருக்கிறது.

வீடியோ புகாருக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. கேமரா அந்தக் கோலத்தைப் படித்து எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்க்கிறது. டீச்சர் தன் போனில் போட்டோக்கள் இருக்கும் இடத்தைத் திறந்து காட்டினார். வகுப்புப் படம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கேட்ட தாய்மார்களைக் குறை சொல்ல மாட்டேன். பெண் பிள்ளையைப் பெற்றவள் கேட்கத்தான் வேண்டும். ஒரு அம்மா, "பிள்ளைங்க பேரைப் போடாம நம்பரை மட்டும் போடுங்க டீச்சர்" என்றார். அது நல்ல யோசனை. அப்படியே செய்துவிட்டார்கள்.

இதைப் பெரிதாக எழுதக் காரணம் இருக்கிறது. வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நாற்பது பிள்ளையும் ராகம் போட்டு "புரிஞ்சுது டீச்சர்" என்கும். பதில் சொல்வது முன்வரிசை நாலு பேர். என் மகள் வீட்டில் வாயாடி, வகுப்பில் ஊமை. தெரிந்தாலும் எழுந்து சொல்ல மாட்டாள், தெரியாவிட்டால் கேட்கவே மாட்டாள். அட்டையைத் தூக்க வாய் வேண்டாமே! இதே பின்னக் கணக்கை டீச்சர் அவள் வகுப்பில் கேட்டபோது பாதிக்கு மேல் 5/8 என்றார்களாம். 5-ம் 8-ம் பெரிய எண்கள் அல்லவா, பிள்ளைகளுக்கு அப்படித்தான் தோன்றும். மறுநாள் டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்து எட்டாக மடிக்கச் சொல்லி, முக்கால் தாளில் ஆறு மடிப்பு இருப்பதை எண்ண வைத்திருக்கிறார். போன் சொல்லிக்கொடுக்கவில்லை, தாள்தான் சொல்லிக்கொடுத்தது. ஆனால் தாளை எடுக்க வேண்டும் என்று டீச்சருக்குத் தெரிந்தது போனால்தான்.

'தெரியாது' என்பதற்கு ஓர் எழுத்து வைத்தாரே, அந்த டீச்சருக்கு என் கும்பிடு. தெரியாது என்பதை வெட்கப்படாமல் சொல்ல எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள்?

வேறு சிலவும் டீச்சர் காட்டினார். அறிவியலுக்கு பெட் என்று ஒன்று. 2001-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பேட்டரி, பல்பு, கம்பி எல்லாம் திரையிலேயே இருக்கும், பிள்ளைகள் இழுத்து இழுத்து இணைக்கலாம். தப்பாக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும், கை சுடாது! ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிக்கு இது பெரிய உதவி. சில பகுதிகள் தமிழிலும் இருக்கின்றன. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

கணக்குக்கு ஜியோஜீப்ரா. 2001-ல் ஆஸ்திரியா நாட்டில் மார்கஸ் ஹோகன்வார்டர் என்பவர் தன் படிப்புக்காகச் செய்தது, இன்று உலகம் முழுக்கப் பள்ளிகளில் ஓடுகிறது. முக்கோணத்தின் ஒரு மூலையைப் பிடித்து எப்படி இழுத்தாலும் மூன்று கோணமும் சேர்ந்து 180 டிகிரியிலேயே நிற்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். நாங்கள் படித்த காலத்தில் அதை மனப்பாடம்தான் செய்தோம்.

நம் வீட்டிலேயே இருப்பதும் ஒன்று உண்டு. 2018-லிருந்து வந்த புதிய பாடநூல்களில் பாடத்தோடு சிறு சதுரக் கட்டம் அச்சாகியிருக்கிறதே, அந்த க்யூ.ஆர். கோடை தீக்‌ஷா செயலியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான படங்கள் வரும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் அம்மாக்களும் பார்க்கலாம். ஆனால் படம் ஓடவிட்டுவிட்டு டீச்சர் பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டால் பிரயோசனமில்லை. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தபோதும் இதைப் பார்த்தோம். டி.வி. தன் வேகத்தில் போகும், புரியாத பிள்ளைக்காக நிற்காது. நடுவில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும், சொல்லு" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

நெட் செலவு டீச்சருடைய சொந்தக் காசு. அட்டை செலவையாவது குறைப்போம் என்று நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு மதியத்தில் ஒரு வகுப்புக்கு வேண்டியதைச் செய்து முடித்தோம். உங்கள் பள்ளியிலும் செய்வதாக இருந்தால்: சாதாரணத் தாளில் கறுப்பு மையில் பளிச்சென்று அச்சடித்தால் போதும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் மைதா பசை தடவி ஒட்டலாம். பசையைக் கெட்டியாகக் காய்ச்சுங்கள், நீர்த்தால் தாள் சுருங்கிக் கோலம் நெளிந்துவிடும். மேலே செலோடேப்போ பளபளப்பான லேமினேஷனோ வேண்டாம், வெளிச்சம் பட்டு மின்னினால் போன் படிக்காது. அட்டையைப் பிடிக்கும்போது விரல் கோலத்தை மறைக்கக் கூடாது, அதனால் சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை விட்டே வெட்டுங்கள். பின்பக்கம் பிள்ளையின் எண்ணைப் பெரிதாக எழுதி, முப்பது நாற்பதையும் வரிசையாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டால் ஒரு வருஷத்துக்குத் தாங்கும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்