ஜனவரியைக் கேட்டால் பெப்ரவரி

கம்பளையைத் தாண்டி நுவரெலியா வீதியில் ஏறினால் வரும் புசல்லாவை, தேயிலைக்குப் பேர்போன இடம். அங்குள்ள தோட்டமொன்றின் கொழுந்து எடையையும் மழை அளவையும் கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் சிக்கல் காற்புள்ளி. CSV கோப்பில் நிரல்களைப் பிரிப்பதும் காற்புள்ளிதான். கிலோவை "1,250" என்று எழுதியிருந்தால் கணினி அதை 1, 250 என இரண்டாகப் பிரித்துவிடும். "850" என்றுள்ள நிரையோடு நிரல் எண்ணிக்கை ஒத்துவராது. பைத்தான் நிரல்மொழியின் நம்பை (NumPy) நூலகம் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும்.

அப்படி நின்றுவிட்டால் நல்லது. சத்தமில்லாத பிழைதான் ஆபத்து.

மேட்லாப், ஆக்டேவ் மென்பொருள்கள் 1இலிருந்து எண்ணுகின்றன, பைத்தான் 0இலிருந்து. பன்னிரண்டு மாத மழைப் பட்டியலில் 12ஐக் கேட்டால் பைத்தான் எல்லை மீறல் என்று மறுக்கும். 1ஐக் கேட்டாலோ மறுபேச்சில்லாமல் பெப்ரவரியைத் தரும். -1 என்றால் டிசெம்பர். பதிவில்லாத நாளுக்கு -999 என்று குறித்திருந்தால் அதையும் மழையாகவே கூட்டிவிடும்.

இப்படியொரு சத்தமில்லாத பிழை இங்கிலாந்திலும் நடந்தது: 2020இல் பழைய எக்செல் கோப்பின் 65,536 நிரை வரம்பால் 15,841 கொரோனாத் தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. தொற்றியவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது.

ஆகவே கோப்பை ஏற்றியதும் நிரைகளை எண்ணுங்கள். முதல் நிரையையும் கடைசி நிரையையும் மூலப் பதிவோடு ஒப்பிடுங்கள். மிகக் குறைந்த, மிகக் கூடிய பெறுமானங்களைப் பாருங்கள். கூட்டல், சராசரி எல்லாம் அதற்குப் பிறகுதான்.