குளச்சல் முந்தியா, குழித்துறை முந்தியா?

ஓப்பன்-தமிழ் என்பது தமிழ் உரையைக் கணினியில் கையாளுவதற்காகப் பைதான் மொழியில் எழுதப்பட்ட நிரல் தொகுப்பு. எழில் என்ற தமிழ் நிரலாக்க மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கிவைத்தது. 2013 முதல் தன்னார்வலர்கள் பலர் கைசேர்க்க வளர்ந்துவருகிறது. அதன் மூலநிரல் கிட்ஹப் தளத்தில் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. எம்ஐடி உரிமம் என்பதால் எடுத்தாளலாம், திருத்தலாம், விலைக்கு விற்கும் மென்பொருளிலும் சேர்க்கலாம். பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்திருந்தால் போதும். இத்தகைய திட்டத்தில் வெளியாள் ஒருவர் எப்படி உள்ளே வந்து நிரலும் சோதனையும் எழுதித் தருவது என்பது இந்தப் பகுதியின் பொருள்.

இப்படியொரு தொகுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு ஊர்ப்பெயர் போதும். 'கன்னியாகுமரி' என்ற சொல்லில் ஏழு எழுத்துகள். பைதானிடம் அதன் நீளத்தைக் கேட்டால் 12 என்று சொல்லும். யூனிகோடில் 'னி' என்பது னகரமும் இகரக் குறியுமாக இரண்டு; 'ன்' என்பது னகரமும் புள்ளியுமாக இரண்டு. பைதான் எண்ணுவது அந்தக் குறிகளை. பழைய பைதான் 2இல் நிலைமை இன்னும் மோசம்: சாதாரணச் சரமாக எழுதினால் ஒரு குறிக்கு மூன்று பைட் வீதம் 36 என்று வரும். ஓப்பன்-தமிழின் 'கெட் லெட்டர்ஸ்' என்ற ஃபங்ஷன் அதே சொல்லை க, ன், னி, யா, கு, ம, ரி என்று பிரித்துத் தரும். எழுத்தெண்ணுவது, சொல்லைத் திருப்புவது, உயிரும் மெய்யுமாகப் பிரிப்பது எல்லாம் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. 'விகடகவி' என்ற சொல்லைக் குறிகுறியாகத் திருப்பிப் பார்க்கும் நிரல் அது இருவழியும் ஒக்கும் சொல் அல்ல என்று தீர்ப்பளித்துவிடும். தெனாலிராமன் இருந்திருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டார்.

அகரவரிசை இதைவிடச் சிக்கலானது. கன்னியாகுமரி மாவட்டத்தின் நான்கு ஊர்களை எடுத்துக்கொள்ளலாம்: குலசேகரம், குழித்துறை, குளச்சல், குறும்பனை. அகராதி முறைப்படி ல, வ, ழ, ள, ற, ன என்று போவதால் மேலே உள்ளதே சரியான வரிசை. பைதானின் சாதாரண வரிசைப்படுத்தலிடம் கொடுத்தால் குறும்பனை, குலசேகரம், குளச்சல், குழித்துறை என்று வரும். இது பைதான் செய்யும் பிழை அல்ல. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி குறிமுறையின் 1988ஆம் ஆண்டு அமைப்பைத் தழுவியது. அதில் றகரம் ரகரத்தை ஒட்டியும், ளகரம் லகரத்தை ஒட்டியும் அமர்ந்தன. குறியெண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தினால் அந்த அமைப்புதான் வெளியே வரும். வேறொரு கண்ணியும் உண்டு. இலக்கணப் புத்தகத்தில் உள்ளபடி வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மெய்களை அடுக்கிய பட்டியலை ஒருவர் அகரவரிசைக்கும் பயன்படுத்திவிட்டால் றகரம் லகரத்துக்கு முன்னால் ஓடிவிடும். இரு சொற்களை அகரவரிசையில் ஒப்பிடும் ஃபங்ஷன் ஓப்பன்-தமிழில் இருக்கிறது. அதன் விடை ஒவ்வொரு மெய்க்கும் சரிதானா என்று கேட்பதுதான் சோதனையின் வேலை.

பங்களிப்பு பெரும்பாலும் இப்படியொரு கேள்வியில்தான் பிறக்கிறது. முதற்படி, திட்டத்தின் பக்கத்தில் வழு ஒன்றைப் பதிவு செய்வது. 'வரிசை தப்பாக வருகிறது' என்று ஒற்றை வரி எழுதினால் யாருக்கும் பயனில்லை. கொடுத்த சொற்கள் எவை, எதிர்பார்த்தது எது, வந்தது எது, பைதான் பதிப்பு என்ன, தொகுப்பின் பதிப்பு என்ன — இந்த ஐந்தும் இருந்தால் இன்னொருவர் தம் கணினியில் அதே பிழையை வரவழைத்துப் பார்க்க முடியும். அதே வழு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்ப்பது நாகரிகம்.

அடுத்தது மூலநிரல் இருக்கும் களஞ்சியத்தை எடுப்பது. மூலக் களஞ்சியத்தில் நேரடியாக எழுதும் உரிமை வெளியாளுக்கு இருக்காது. அதனால் கிட்ஹப்பிலேயே தம் கணக்கில் ஒரு நகல் எடுக்க வேண்டும், அது ஃபோர்க். அந்த நகலைச் சொந்தக் கணினிக்கு இறக்குவது குளோன். செய்யப்போகும் மாற்றத்துக்கென்று தனியாக ஒரு பிராஞ்ச். பைதானின் 'வென்வ்' வசதியால் தனிச்சூழல் ஒன்றை அமைத்துக்கொண்டால் கணினியில் உள்ள மற்ற நிரல்களுக்குச் சேதமில்லை. ஒரு வரியைத் தொடுவதற்கு முன், ஏற்கெனவே உள்ள சோதனைகள் அனைத்தையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதே ஏதாவது தோற்றால், அது புதியவரின் கைவரிசை அல்ல என்பது தெளிவாகிவிடும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் பின்னால் வீணாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

சோதனை என்பதும் ஒரு நிரல்தான். 2001இல் வெளிவந்த பைதான் 2.1 முதல் 'யூனிட்டெஸ்ட்' என்ற தொகுதி பைதானோடு சேர்ந்தே வருகிறது. பைடெஸ்ட் என்ற தனித் தொகுப்பும் பரவலாகப் புழங்குகிறது. அமைப்பு எளிது. 'டெஸ்ட்கேஸ்' என்ற வகுப்பிலிருந்து ஒரு வகுப்பு. அதற்குள் 'டெஸ்ட்' என்று பெயர் தொடங்கும் ஃபங்ஷன்கள். ஒவ்வொன்றிலும் ஓர் உள்ளீடு, எதிர்பார்க்கும் விடை, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும் 'அசர்ட்ஈக்வல்' வரி. நான்கு ஊர்ப்பெயர்களையும் தாறுமாறாகக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்திய பிறகு குலசேகரம், குழித்துறை, குளச்சல், குறும்பனை என்ற வரிசையில் வருகிறதா என்று கேட்டால் அது முழுமையான சோதனை. வழுவுக்காக எழுதும் சோதனை, திருத்தம் செய்வதற்கு முன் தோற்க வேண்டும். பின் வெல்ல வேண்டும். முன்பும் வென்றால் அது வழுவைத் தொடவே இல்லை.

எந்தச் சொல்லைச் சோதனையில் வைப்பது என்பதில்தான் பங்களிப்பவரின் தமிழறிவு வேலை செய்கிறது. 'அம்மா', 'தமிழ்' என்று எல்லாருக்கும் தோன்றும் சொற்கள் பெரும்பாலும் முன்பே இருக்கும். அவை பிழையைப் பிடிப்பதும் அரிது. மாவட்டத்தின் பழைய நான்கு தாலுகாக்களை வைத்துப் பார்த்தால் நல்ல அறுவடை. அகஸ்தீஸ்வரத்தில் கிரந்த 'ஸ்' இரண்டு முறை வருகிறது. குறிகள் 12, எழுத்துகள் எட்டு. கல்குளத்தில் மெய் இரண்டு. தோவாளையில் ஆறு குறிகள், மூன்றே எழுத்துகள். தனி அகர உயிர்மெய் ஒன்றுகூட இல்லை. விளவங்கோட்டில் மெல்லின 'ங்' வருகிறது.

மாவட்டத் தலைநகர் இன்னும் ஒரு படி மேலே. 'நாகர்கோவில்' என்பதில் உள்ள 'கோ' இரண்டு விதமாக உள்ளே சேமிக்கப்படலாம். ஓகாரக் குறி யூனிகோடில் தனி எண்ணாகவே இருக்கிறது. ஏகாரக் குறியையும் காலையும் அடுத்தடுத்துப் போட்டாலும் அதே உருவம் திரையில் தெரியும். முதல் வகையில் சொல்லின் நீளம் 11, இரண்டாம் வகையில் 12. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பைதானிடம் இரண்டும் ஒன்றா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். 'யூனிகோட்டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்' ஃபங்ஷனால் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரலாம். இதற்குச் சோதனை எழுதுபவர் சொல்லை அப்படியே தட்டச்சு செய்யக்கூடாது. குறியெண்களாக எழுத வேண்டும். சில எடிட்டர்கள் சேமிக்கும்போது சத்தமில்லாமல் ஒரு வடிவை மற்றதாக மாற்றிவிடும். பிறகு சோதனை ஓடும், ஆனால் எதையும் சோதிக்காது.

தொகுப்பில் எண்ணைச் சொல்லாக்கும் பகுதியும் சோதனைக்கு ஏற்ற நிலம். 9 ஒன்பது, ஆனால் 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம். நூறு என்பது பின்னால் எண் வந்தால் நூற்று ஆகிறது. ஆயிரம் ஆயிரத்து ஆகிறது. குமரிமுனையில் 2000 ஜனவரி 1 அன்று திறந்துவைக்கப்பட்ட வள்ளுவர் சிலையின் உயரமான 133 அடியை எழுதினால் 'நூற்று முப்பத்து மூன்று', பேச்சில் 'முப்பத்தி'. எது வேண்டும் என்று திட்டம் முடிவெடுத்தபின் அந்த முடிவைப் பூட்டிவைக்கும் இடம் சோதனைதான். சுழியம், 10, 11, 99, 100, 101, 1000, 1001, ஒரு லட்சத்துக்கு ஒன்று குறைவு என்று எல்லைகளில் நிறுத்திப் பார்ப்பது, நடுவில் நூறு எண்களைத் தூவுவதைவிடப் பலன் தரும்.

திருத்தம் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். சோதனை பத்து வரி, நிரல் இரண்டு வரி என்று அமைவது சாதாரணம். ஃபங்ஷனின் பெயரையோ அது திருப்பித் தரும் வகையையோ மாற்றக்கூடாது. அதை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் வெளியே இருக்கின்றன. போகிற போக்கில் கோப்பு முழுவதும் இடைவெளிகளைச் சீர்செய்யும் ஆசையையும் அடக்க வேண்டும். எது மாற்றம், எது அலங்காரம் என்று பிரித்தறிய முடியாத கோப்பைப் படிப்பவர் எரிச்சலடைவார். மாற்றத்தைக் களஞ்சியத்தில் பதிவுசெய்வது கமிட்; ஒரு கமிட்டில் ஒரு காரியம். கமிட் குறிப்பில் என்ன மாறியது என்பதோடு ஏன் மாறியது என்பதும்.

பிராஞ்சைத் தம் ஃபோர்க்குக்கு அனுப்பிய பிறகு, மாற்றத்தை இணைத்துக்கொள்ளும்படி மூலத் திட்டத்துக்கு விடுக்கும் வேண்டுகோள்தான் புல் ரிக்வெஸ்ட். வழுவின் எண்ணை அதில் குறிப்பிட வேண்டும். பல திட்டங்களில் தானியங்கி ஒன்று அப்போதே பல பைதான் பதிப்புகளில் சோதனைகளை ஓட்டிப் பச்சையோ சிவப்போ காட்டும். அதன் பிறகு பராமரிப்பவர் படிப்பார். அவருக்கும் இது சம்பளமில்லாத வேலை. பதிலுக்கு ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். கேட்கும் மாற்றங்களைச் செய்து அதே பிராஞ்சில் சேர்த்தால் ரிக்வெஸ்ட் தானே புதுப்பிக்கப்படும். புதிதாக இன்னொன்று திறக்கத் தேவையில்லை.

எண்ணிக்கைக்காகப் பங்களிப்பது எங்கே கொண்டுவிடும் என்பதை 2020 அக்டோபர் காட்டியது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்தும் ஹாக்டோபர்ஃபெஸ்டில் அந்த ஆண்டு நான்கு புல் ரிக்வெஸ்ட் கொடுத்தால் டி-சர்ட் பரிசாகக் கிடைத்தது. முகப்புக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து ரிக்வெஸ்ட் விடுத்தவர்கள் உலகெங்கும் பெருகினார்கள். வந்து குவிந்தவற்றைத் தள்ளவே பராமரிப்பவர்களுக்குப் பொழுது போதவில்லை. விரும்பிப் பெயர் கொடுத்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. பொறியியல் கல்லூரி மாணவர்கள் வேலைக்கான விண்ணப்பத்தில் காட்டத் தகுந்தது இருபது எழுத்துப்பிழைத் திருத்தம் அல்ல; தோற்று, விவாதிக்கப்பட்டு, வென்ற ஒரே ஒரு சோதனை.

ஏற்கப்பட்ட மாற்றம் முதன்மைப் பிராஞ்சில் இணைக்கப்படுகிறது. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றில் எழுதியவரின் பெயர் அந்த வரிகளோடு நிலைத்துவிடுகிறது. இனி யார் எதை மாற்றினாலும் அந்தச் சோதனையும் சேர்ந்து ஓடும். ஆனால் பயனருக்கு அது உடனே போய்ச் சேராது. பராமரிப்பவர் பதிப்பெண்ணை உயர்த்திப் பைபிஐ என்ற பொதுக் கிடங்கில் வெளியிட்ட பிறகு, 'பிப்' கட்டளையால் புதுப்பித்துக்கொள்பவர்களுக்கே அது கிடைக்கும்.