மொட்டை மாடிக்கு ஒரு சமையல் புக்கோட வாங்க!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. ஹால் டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டாச்சு (அரியர் எழுதினவங்க ரிசல்ட் வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சுக்கோங்க, ப்ளீஸ்!). அடுத்து என்ன? "எங்கேயாவது மீட் பண்ணலாம்டா மச்சி"ன்னு ஒரு குரல் கிளம்பும். பீச்னா ஒருத்தனுக்கு வேர்க்கும். ஹோட்டல்னா ஒருத்திக்கு பர்ஸ் அழும். கடைசியில் ஆளுக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடறதிலேயே சண்டை வந்து, அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க தயிர் சாதத்தைச் சாப்பிட்டுத் தூங்குவாங்க.

மயிலாப்பூர்ல இதுக்குப் பழைய வழி ஒண்ணு இருக்கு. சித்ரா பௌர்ணமி நிலாச்சோறு. வீட்டு வாண்டுகளை எல்லாம் மொட்டை மாடியில் வட்டமா உட்கார வெச்சு, பாட்டி ஒரு பெரிய பாத்திரத்தில் பிசைஞ்சு ஆளுக்கொரு உருண்டையா கையில் போடுவாங்களே, அதேதான். அதையே கொஞ்சம் மாத்தி நாம பண்ணலாம். வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஒரு ஐட்டம் செஞ்சு எடுத்துட்டு வரணும். எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் செஞ்சீங்களோ, அந்தப் புத்தகமும் கூடவே வரணும்.

"சமையல் புக்கா? அது மாமிங்க மேட்டராச்சே!"ன்னு உதட்டைப் பிதுக்கறீங்களா? இருங்க, ஒரு கதை சொல்றேன்.

'சமைத்துப் பார்'னு ஒரு புத்தகம். உங்க வீட்டுப் பரண்ல நிச்சயம் ஒரு காப்பி இருக்கும். இல்லேன்னா பக்கத்து வீட்டுப் பரண்ல இருக்கும். எழுதினவர் எஸ். மீனாட்சி அம்மாள். 1905-ல் பிறந்தவர். இருபதுகளிலேயே கணவரை இழந்துட்டார். நம்ம வயசுன்னு வெச்சுக்கோங்களேன். கையில் ஒரு குழந்தை, வீட்டில் மாமியார், ஒரு சின்ன மைத்துனன். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண்ணுக்கு வெளியுலகம் எவ்வளவு திறந்திருக்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டாம். ஆனா அவர் சமையல் சொந்தக்காரங்க வட்டத்துல ரொம்பப் பிரபலம். புதுசாக் கல்யாணமாகி வெளியூர் போன பெண்களெல்லாம் "சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு, ரசத்துக்கு எவ்வளவு புளி"ன்னு கேட்டபடி இருப்பாங்க. "ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்றதுக்குப் பதிலா புத்தகமாவே போட்டுடேன்"னு யோசனை சொன்னது அவரோட மாமா, வக்கீல் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். பதிப்பாளரைத் தேடி அலையாம, தன் நகையைப் பணமாக்கி, 1951-ல் முதல் பாகத்தைத் தானே அச்சடிச்சு வெளியிட்டார் மீனாட்சி அம்மாள். அடுத்தடுத்த பாகங்களும் வந்துச்சு. 1962-ல் அவர் காலமான பிறகும் குடும்பத்தார் புத்தகத்தை விடலை. இங்கிலீஷ்ல 'குக் அண்ட் ஸீ'யா மாறி, அமெரிக்கா போற பெண்களோட சூட்கேஸ்ல ஊறுகாய் பாட்டில் பக்கத்துல இடம் பிடிச்சுது. இப்ப சொல்லுங்க, யார் மேட்டர் இது?

பழைய பதிப்பு கையில் கிடைச்சா ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிடறேன். அளவெல்லாம் ஆழாக்கு, படி, பலம், வீசைன்னு இருக்கும். நம்ம நாட்டுல கிலோ, லிட்டர் கணக்கு நடைமுறைக்கு வர ஆரம்பிச்சதே 1958-லதானே! பயப்படாதீங்க. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு ஆழாக்குங்கறது சுமாரா 200 மில்லி டம்ளர் ஒண்ணு. பலம்னா 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1,400 கிராம். இதை பென்சில்ல முதல் பக்கத்திலேயே எழுதி வெச்சுட்டா வேலை முடிஞ்சுது. என் ஃபிரெண்ட் ஒருத்தன் பலத்தை கிலோன்னு நினைச்சு மிளகாய் வாங்கக் கிளம்பிட்டான். கடைக்காரர்தான் காப்பாத்தினார்.

புக்னா இது ஒண்ணுதான்னு இல்லை. மல்லிகா பத்ரிநாத் 1988-ல் நூறு வகை கிரேவியோட தொடங்கிப் போட்ட குட்டிக் குட்டிப் புத்தகங்கள் இருக்கு. வாரப் பத்திரிகைகளோட வந்த '30 வகை' இலவச இணைப்பு இருக்கு. அம்மா கையால எழுதின, எண்ணெய்க் கறை படிஞ்ச டைரி இருந்தா இன்னும் விசேஷம். பிரியாணிக்காரங்க வீட்டு நோட்டை நான் முதல் ஆளா புரட்டுவேன்!

பக்க ஓரத்தைக் கவனிங்க. எங்க பாட்டி காப்பியில மோர்க்குழம்புக்குப் பக்கத்துல, "உப்பு பாதி போதும், டாக்டர் சொல்லிவிட்டார்"னு எழுதியிருக்கும். தாத்தாவுக்கு பி.பி. வந்த வருஷம் அது. கீழே தேதி வேற. அந்த ஒரு வரியில தாத்தாவை நான் பார்த்திருக்கேன். இரண்டாம் பாகத்தில் பாட்டி மாவடுவுக்குத் தன் கணக்கை எழுதி வெச்சிருந்தாங்க. பழைய வீட்டை இடிச்சு ஃபிளாட் கட்டக் கொடுத்தப்ப, காலி பண்ற அவசரத்தில் அது எடைக்குப் போயிடுச்சு. கட்டி வெச்சது நான்தான். பாட்டி ஒண்ணும் திட்டலை. அடுத்த வருஷம் மாவடு போட்டப்ப உப்புக் கையோட நின்னு யோசிச்சாங்க. அதுக்கடுத்த வருஷம் பாட்டி இல்லை. அதனாலதான் சொல்றேன், மாடிக்குக் கொண்டு வர்ற புத்தகத்தை ஒவ்வொரு பக்கமா செல்போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. எழுதினவங்க இருந்தா, கிறுக்கல் என்னன்னு இப்பவே கேட்டுடுங்க.

சரி, மெனுவுக்கு வருவோம். பதினஞ்சு பேர்னா ஒன்றரை கிலோ அரிசி போதும். அரை அரைக் கிலோவா மூணு சாதம். புளியோதரைக்குக் காய்ச்சலை முந்தின நாளே செஞ்சு வைங்க, நல்லெண்ணெய்க்குக் கஞ்சத்தனம் கூடாது. எலுமிச்சை சாதத்துக்கு அடுப்பை அணைச்சு ஆறின பிறகுதான் சாறு, இல்லேன்னா கசக்கும். தயிர் சாதத்தில்தான் எல்லாரும் கோட்டை விடறது. மே மாச மெட்ராஸ்ல மதியமே தயிரைக் கொட்டிப் பிசைஞ்சா ராத்திரி வாயில் வைக்க முடியாது. குழைய வடிச்ச சாதத்தை மசிச்சு, காய்ச்சி ஆறின பால் ஒரு லிட்டர் விட்டு, ரெண்டே ஸ்பூன் தயிர் சேருங்க. மாடி ஏறறதுக்குள்ள பதமா உறைஞ்சிருக்கும்.

தேங்காய் சாதம் வேணாம். போன வருஷம் ஆசையா செஞ்சு எடுத்துட்டுப் போனேன், எட்டு மணிக்கு மூடியைத் திறந்ததும் எட்டுப் பேர் எழுந்து நகர்ந்தாங்க. அசைவம் கொண்டு வர்றவங்க கடைசியாச் சமைச்சு, சூட்டோட ஹாட்பேக்ல எடுத்துட்டு வாங்க. பரிமாற தனிக் கரண்டி வெச்சுட்டா மாடி வீட்டு ஓனர் முகமும் சுளிக்காது.

காய்கறிக்குத் தெற்கு மாட வீதி இருக்கவே இருக்கு. கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் நல்ல சுக்கு வாங்கிக்கோங்க, பானகத்துக்கு. அரைக் கிலோ வெல்லம், ரெண்டரை லிட்டர் தண்ணி, ஒரு ஸ்பூன் சுக்குப் பொடி, ஏலக்காய், மூணு எலுமிச்சம்பழம். வெல்லத்தைக் கரைச்சு வடிகட்ட மறந்தா பல்லுல மண் கடிபடும். அறுபத்துமூவர் அன்னிக்குப் பந்தல் பந்தலா வாங்கிக் குடிச்ச நீர்மோர் ஞாபகம் வந்தா அதையும் பண்ணலாம், அரை லிட்டர் தயிருக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. பானகத்தை மண் பானையில் ஊத்தி, ஈரத்துணி சுத்தி, மத்தியானமே மாடிப்படி நிழல்ல வெச்சுடுங்க.

வடாம் பொரிக்கற வேலையை மட்டும் நேரத்துக்கு வர்ற ஆளாப் பார்த்துக் கொடுங்க. போன வருஷம் எங்க வடாம் பதினொரு மணிக்கு வந்துச்சு.