கடைசி பெஞ்சில் ஒருவர்

பெரியநாயக்கன்பாளையத்து ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் சரித்திரத்தில் பலரும் கவனியாமல் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. திருப்பூரில் 1903-இல் பிறந்து, சட்டம் படித்து, தேசிய இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற தி. சு. அவிநாசிலிங்கம் அவர்கள் 1930-இல் அதை ஒரு சிறு குருகுலமாகத் தொடங்கினார்; 1934-இல் காந்தியடிகள் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்; பள்ளி வேரூன்றிக் கிளைத்தது; ஆனால் பட்டதாரிகளை உபாத்தியாயர்களாகப் பயிற்றுவிக்கும் கல்லூரி அங்கே தோன்றியது 1950-இல்தான், அதாவது நிறுவனர் சென்னை மாகாணத்தின் கல்வி மந்திரியாக 1946 முதல் 1949 வரை பதவி வகித்து முடித்த பிறகு. முதலில் மாணாக்கன், இருபது ஆண்டு கழித்து அவனுக்கான ஆசிரியன் என்ற இந்த வரிசை திட்டமிட்டு அமைந்ததோ, தானாக நேர்ந்ததோ, எப்படியாயினும் அதனால் விளைந்த நன்மை பெரிது. காலையில் மனோதத்துவம் கேட்ட பயிற்சி மாணவன், அந்தச் சூத்திரங்களில் எதற்கும் கட்டுப்படாத பத்து வயதுப் பையனை அதே வளாகத்திலேயே சந்தித்துவிடலாம்.

அந்த வித்யாலயத்துப் பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்தவர்தாம் பெரியசாமித் தூரன். பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியராகவும் கீர்த்தனை ஆசிரியராகவும் அவரை நாடறியும். குழந்தை உள்ளத்தைப் பற்றிச் சாதாரணத் தமிழில் புத்தகம் எழுதியவர் என்பதை ஆசிரியர் உலகமே மறந்துவிட்டது. மொழிபெயர்ப்பு வாடை வீசும் கல்வி உளவியல் நூல்களை உருப்போட்டுப் பரீட்சை எழுதும் இன்றைய பி.எட். மாணவர்களுக்கு அவருடைய எழுத்தைப் பாடமாக வைத்தால் ஒரு நஷ்டமும் வந்துவிடாது.

எல்.டி., பி.டி., பி.எட். என்று பட்டத்தின் பெயர் காலந்தோறும் மாறியிருக்கிறது. பாடக்குறிப்பு எழுதும் சம்பிரதாயம் மட்டும் மாறவில்லை. ஜெர்மானிய அறிஞர் ஹெர்பார்ட்டின் வழிவந்த படிகளின்படி முன்னறிவைச் சோதித்து, ஆயத்தம் செய்து, பாடத்தை விரித்து, தொகுத்து, பயன்படுத்திக் காட்டவேண்டும். 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த நுண்ணிலைக் கற்பித்தல் பின்னர் இதனோடு சேர்ந்துகொண்டது. வினாக் கேட்டல், வலுவூட்டல், கரும்பலகையைப் பயன்படுத்தல் என ஒவ்வொரு திறனையும் தனியே பிரித்தெடுத்து, ஆறு நிமிஷம் கற்பித்து, ஆறு நிமிஷம் குறை நிறை கேட்டு, பன்னிரண்டு நிமிஷம் திருத்தி எழுதி, மறுபடியும் ஆறு நிமிஷம் கற்பித்து, மறுபடியும் ஆறு நிமிஷம் கேட்டுக்கொள்வது நம் நாட்டில் வழங்கும் முறை. சக மாணவர்களே பிள்ளைகளாக நடிக்க, முப்பத்தாறு நிமிஷத்தில் ஒரு சுற்று முடிகிறது. நாடகந்தான், ஒத்திகை பாராமல் மேடையேறுகிறவனைக் காட்டிலும் பார்த்தவன் மேல் என்பதால் அதைப் பரிகசிக்க நான் விரும்பவில்லை.

என் ஆட்சேபம் வேறிடத்தில். 2015-16 முதல் பி.எட். படிப்பு இரண்டு ஆண்டாகி, பள்ளிப் பயிற்சிக்கு மொத்தம் 20 வாரம் ஒதுக்கப்பட்டது, நல்ல ஏற்பாடு. ஆனால் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடம் முடிந்ததும் தனியே அழைத்து, 'கேள்வி கேட்டீர்கள், பதில் வருமுன் நீங்களே சொல்லிவிட்டீர்கள்' என்று எடுத்துரைக்கும் பேராசிரியர் அந்த 20 வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? பயிற்சி மாணவர்கள் அன்னூரிலும் சூலூரிலும் பல்லடத்திலுமாகச் சிதறிக் கிடக்க, மேற்பார்வை என்பது ரிக்கார்டு நோட்டுகளில் கையெழுத்திடும் காரியமாகச் சுருங்கிப்போவது எளிது. நோட்டுகளோ அட்டை போட்டு, வண்ணம் தீட்டி, ஆண்டுக்காண்டு பருத்துக்கொண்டே போகின்றன.

கொங்கு நாட்டு வகுப்பறையில் இந்தக் கண்காணிப்பு இரட்டிப்பு அவசியம் என்பேன். இந்தச் சீமைக் குழந்தைகளின் மரியாதை பிரசித்தம், 'புரிஞ்சுதா?' என்றால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் 'சரிங்க சார்' என்றே விடை வரும். அந்தப் பணிவைத் தெளிவென்று எண்ணி அடுத்த பாடத்துக்குத் தாவும் இளம் ஆசிரியனுக்கு, மூன்றாம் வரிசைப் பிள்ளை எழுதாமல் பேனாவை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்ததை எடுத்துக்காட்டப் பின்னாலிருந்து பார்த்த ஒருவரால்தான் முடியும். போதாக்குறைக்கு, திருப்பூரின் பனியன் கம்பெனிகளை நாடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் இப்போது அதே பெஞ்சுகளில் அமர்கிறார்கள். வீட்டில் தமிழே கேளாத அக்குழந்தைக்கு முன்னறிவைச் சோதிப்பது எங்ஙனம் என்பதற்கு ஹெர்பார்ட்டிடம் விடையில்லை. அதை அந்த வகுப்பிலேயே, பிழை செய்து, திருத்தப்பட்டுத்தான் கற்கவேண்டும்.

ஆதலால் பல்கலைக்கழகமும் கல்லூரி நிர்வாகங்களும் செய்யத்தக்கது ஒன்றே. பயிற்சிக் காலத்தில் பேராசிரியரின் வகுப்பு நேரத்தைக் குறைத்து, பஸ் செலவைக் கொடுத்து, பள்ளியில் உட்கார்ந்து பார்த்த நேரத்தையும் போதித்த நேரத்தோடு சமமாகக் கணக்கில் வைக்கட்டும்; அதற்கான மணியை ரிக்கார்டு நோட்டுக்கென்று செலவாகும் மணிகளிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.