அறுந்த இழைக்கு ஒரு சாரம்

சோமனூர் விசைத்தறியில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிடலாம். தண்டுவடத்து நரம்பிழைக்கு அந்த வசதி இல்லை. அடிபட்ட இடம் பொள்ளலாகி, சுற்றிலும் தழும்பு கட்டிக்கொள்ளும். புது இழை வழி தெரியாமல் நின்றுவிடும். அந்தப் பொள்ளலுக்குள் ஒரு சாரம் கட்டிக் கொடுத்தால்?

உடலில் தானே கரையும் தையல் நூலின் பொருளிலும், பட்டுப் புரதத்திலும் இதைச் செய்து பார்க்கிறார்கள். நுண்ணிழைகள் பாவு போல ஒரே திசையில் ஓடினால், நரம்பு அதைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது. 2021-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், ஊசியில் செலுத்திய நுண்ணிழைச் சாரம், கால் விளங்காத சுண்டெலிகளை நான்கே வாரத்தில் நடக்க வைத்தது. சுண்டெலிகளைத்தானுங்க! மனிதருக்கு இன்னும் ஆய்வுக்கட்டம்தான். அதுவரை, விபத்தில் விழுந்தவரைப் புரட்டாமல், கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்க.